பொன்னிக்கு ஒரு நாலுகால் பின்னல் வார்

வாசற்கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் மூன்று தோல் வார்கள் தொங்குகின்றன. மூன்றும் என் கையால் பின்னியவை. மூன்றும் எங்கள் வீட்டு நாய் பொன்னிக்காக. முதலாவது நீண்டு, மெலிந்து, புரிகளுக்கு நடுவே இடைவெளி விட்டுக் கிடக்கிறது. இரண்டாவதின் மேல்பூச்சு வெடித்து உரிந்திருக்கிறது. மூன்றாவதைத்தான் பதினோரு மாதமாகக் காலையும் மாலையும் கையில் பிடித்துக்கொண்டு போகிறோம். பின்னிய கை ஒன்று, பின்னல் முறையும் ஒன்று. மாறியது தோல் மட்டும்தான். அதனால் பின்னலைப் பற்றிச் சொல்வதைவிடத் தோலைத் தேடிய கதையைத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொன்னி நாட்டு நாய், 19 கிலோ. சாதுதான். ஆனால் பூனையைக் கண்டால் ஒரே பாய்ச்சல். கடையில் வாங்கிய நைலான் பட்டை அந்தப் பாய்ச்சலில் உள்ளங்கையை அறுத்துவிடும். தோலாக இருந்தால் கைக்குப் பதமாக இருக்குமே என்று தோன்றியது. சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில் சாட்டை பின்னுகிற ஒருவரைப் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்த ஆசையும் உள்ளுக்குள் இருந்தது.

நாங்கள் இருப்பது குரோம்பேட்டை. குரோம் முறையில், அதாவது குரோமிய உப்பால், தோல் பதனிட்ட தொழிற்சாலை இங்கே இருந்ததால்தான் ஊருக்கே அந்தப் பெயர். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு வேண்டியது குரோம் தோல் இல்லை என்று புரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

முதல் தோலைப் பெரியமேட்டில் வாங்கினேன். மின்சார ரயிலில் பூங்கா நிலையத்தில் இறங்கி, ரிப்பன் கட்டடத்தைத் தாண்டி நடந்தால் சைடன்ஹாம்ஸ் ரோடும் அதைச் சுற்றிய சந்துகளும். தோல் வாசனை தெருமுனையிலேயே வந்துவிடும். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், ஷூவின் அடித்தோல், லைனிங், பக்கிள், நூல், பசை எல்லாம் அடுத்தடுத்த கடைகளில் கிடைக்கும். முதல் தடவை போகிறவர்களுக்குத் தலை சுற்றும். எனக்கும் சுற்றியது. கண்ணில் பட்டதில் மிக மென்மையான ஓர் ஆட்டுத்தோலைக் கையில் எடுத்தேன். பட்டுத்துணி மாதிரி வழுக்கியது. கருஞ்சிவப்பு நிறம். உடனே வாங்கிவிட்டேன்.

அதை 6 மில்லிமீட்டர் வாராக அறுத்துப் பின்னினேன். பின்னி முடித்த அன்று பார்க்க அவ்வளவு அழகு. 90 சென்டிமீட்டர் நீளம் இருந்தது. மூன்று வாரத்தில் 104 ஆகிவிட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் நீண்டு, நீண்டது திரும்பாமல் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் ரயில் நிலையப் பாதையில் பல வருடமாகச் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு விரலால் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார்.

"தம்பி, இது சட்டைக்குப் போடுற தோலு. ஜாக்கெட்டு தைப்பாங்க. நீ கயிறு பண்ணிருக்க."

"மென்மையா இருக்கேன்னு வாங்கினேங்கய்யா."

"மெதுவா இருந்தா நீளும். நீ வாங்கும்போது இழுத்துப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அவர் பெட்டியிலிருந்து ஒரு பழைய பழுப்புத் துண்டை எடுத்து, விரல் அகலத்துக்கு ஒரு வார் அறுத்து என் கையில் கொடுத்தார். "இப்ப இத இழு" என்றார். இழுத்தேன். ஒரு மயிரிழை கொடுத்தது, அதற்கு மேல் நகரவில்லை. "இது ஆவாரம்பட்ட போட்டது. முதுகுல எடுத்தது." அதே துண்டின் இன்னொரு ஓரத்தில் குறுக்கே ஒரு வார் அறுத்தார். அதை இழுத்தால் கண்ணெதிரே நீண்டது. தோல் ஒன்றுதான், அறுத்த திசைதான் வேறு. நான் அன்று வரை படித்த, பார்த்த எதிலும் மனதில் பதியாத விஷயம் அந்த இரண்டு இழுப்பில் பதிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். என்னைப் போன்றவர்கள் பொழுதுபோக்கு என்று ஆசையாகக் கையில் எடுக்கும் இந்த வேலையைச் செய்ததற்காகவே தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைக்கப்பட்ட மனிதர்களிடம்தான் இதன் அறிவு இருக்கிறது. அதை இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போவது சரியில்லை என்று எனக்குப் பட்டது. பாடம் சொல்லித் தர ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பேசி, நான்கு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இந்தப் பதிவில் கருவிகளைப் பற்றி வருவதில் பாதி அவருடைய சொல்.

இடையில் ஒரு குறுக்கு வழியையும் முயன்று பார்த்தேன். வாரை நாமே ஏன் அறுக்க வேண்டும், அறுத்த வாரே சுருளாகக் கிடைக்கிறதே என்று இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 25 மீட்டர் வரவழைத்தேன். அசல் தோல் என்று போட்டிருந்தது. வந்த சுருளில் மீட்டருக்கு ஒரு ஒட்டு. ஒட்டிய இடம் பின்னும்போதே கழன்றது. வெட்டுமுகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேலே பிளாஸ்டிக் மாதிரி ஒரு பூச்சு, கீழே பஞ்சு மாதிரி நார். தோலைக் கிடைமட்டமாகப் பிளக்கும்போது மேல்தோல் போக அடியில் மிஞ்சுவதை ஸ்ப்ளிட் என்பார்கள். அதன்மேல் பூச்சுக் கொடுத்தது அது. ஸ்ப்ளிட்டும் தோல்தான், அதனால் விற்றவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. ஆனால் தோலின் பலமெல்லாம் மேல்பக்கத்து நெருக்கமான நாரில் இருக்கிறது. அது போய்விட்டால் மெல்லிய வாருக்கு உயிரே இல்லை. இரண்டாவது வார் இரண்டு மாதத்தில் வெடித்தது. அதிலிருந்த கொக்கியும் ஒரு நாள் நடுரோட்டில் உடைந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது வாருக்காக மறுபடி பெரியமேட்டுக்குப் போகும்போது கையில் மூன்று சாமான் எடுத்துப் போனேன்: தடிமன் அளக்க ஒரு வெர்னியர், சின்ன பாட்டிலில் தண்ணீர், துருப்பிடித்த ஆணி ஒன்று.

தண்ணீர் எதற்கென்றால், மரப்பட்டையில் பதனிட்ட பூச்சில்லாத தோலில் ஒரு சொட்டு விட்டால் சட்டென்று குடித்துக் கறுத்துவிடும். ஃபினிஷிங் கொடுத்த குரோம் தோலில் சொட்டு முத்தாக நிற்கும். வெட்டுமுகத்தையும் பார்க்க வேண்டும். குரோம் தோலை மேலே என்ன நிறத்தில் சாயம் போட்டிருந்தாலும், நடுவில் பெரும்பாலும் நீலச் சாம்பல் கோடு தெரியும். பட்டைத்தோல் நடு வரைக்கும் பழுப்புதான். ஆணி எதற்கென்றால், பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைத் தொட்டால் கறுக்கும். ஈரமான இடத்தில் துரு ஆணியைத் தேய்த்தால் சில நிமிடத்தில் கருநீலக் கறை விழும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான் இது. கடைக்காரர் தோலில் கறை போடக் கூடாது, கேட்டு ஒரு துண்டு வாங்கி அதில்தான் தேய்க்க வேண்டும். நான் கேட்டதும் கடைக்கார பாய் சிரித்துக்கொண்டே ஒரு மூலையை வெட்டிக் கொடுத்தார்.

"என்ன வேலைக்கு சார்?"

"பின்றதுக்கு பாய். நீளாத தோலா வேணும். முதுகுல நீளமா வார் எடுக்கணும்."

"அப்ப ஈ.ஐ. எடுங்க. கலர் கிலர் இருக்காது, பரவாயில்லையா?"

ஈ.ஐ. என்பது ஈஸ்ட் இந்தியா என்ற பழைய வியாபாரப் பெயரின் சுருக்கம். கம்பெனிக் காலத்திலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய, பட்டையில் பதனிட்ட அரைகுறைத் தயாரிப்புத் தோல் அது. திருச்சி, ஈரோடு, திண்டுக்கல் பக்கத்துப் பதனிடும் தொழிலுக்கு அதுதான் அடையாளம். அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆதியில் ஆவாரம்பட்டையில் ஊற வைப்பார்கள். ஆவாரையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுத்தால் அந்தச் சிவப்பு கட்டுப்படும், நிறமும் வெளிறி நிற்கும். இப்போது பெரும்பாலும் வாட்டில் என்ற மரத்தின் பட்டைதான் ஓடுகிறது. தொழிலில் பேச்சுவாக்கில் இன்னும் ஆவாரம்பட்டை என்றே சொல்கிறார்கள்.

குரோமைக் குறைவாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1900-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப்பள்ளியில் குரோம் முறையைச் செய்து பார்த்தபோது, மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையின் சாலுக்கு நாள் முழுக்க நீரில் கிடந்தாலும் கெடாத தோல் வேண்டும் என்பது அவர் முன்னால் இருந்த தேவைகளில் ஒன்று. தண்ணீருக்கும் சூட்டுக்கும் குரோம்தான் தாங்கும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் பட்டைத்தோல் சுருண்டுவிடும், குரோம் தோல் அப்படியே கிடக்கும். குரோமிலும் நீளாத கெட்டித் தோல் உண்டு. ஆனால் ஓரத்தைத் தேய்த்து மெருகேற்றுவது, நனைத்து வடிவம் கொடுப்பது எல்லாம் பட்டைத்தோலில்தான் நடக்கும். கையால் வேலை செய்கிறவனுக்கு அது பதில் சொல்லும் தோல்.

பாய் விரித்துப் போட்ட மாட்டுத்தோலின் சதைப்பக்கத்தில் 18 என்று எழுதி, அதன் தலைக்கு மேல் சின்னதாக 3 போட்டிருந்தது. கணக்குப் பாடத்தில் படித்த அடுக்கு மாதிரி. 18 சதுர அடியும், மேலே முக்கால் அடியும் என்று அர்த்தம். மேலே 1 இருந்தால் கால், 2 இருந்தால் அரை. தோல் முழுசாகத்தான் விற்கும். பாதி வெட்டிக் கொடுங்கள் என்று கேட்டால் கொடுக்க மாட்டார்கள். நியாயம்தான், முதுகை நாம் வெட்டிக்கொண்டு போனால் மீதி வயிற்றை யாருக்கு விற்பது?

தடிமனை வெர்னியரால் எட்டு இடத்தில் அளந்தேன். முதுகில் 1.6 மில்லிமீட்டர், தோள்பக்கம் 1.8, வயிற்றில் 1.2. வெளிநாட்டு வீடியோக்களில் அவுன்ஸ் கணக்கு சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் சுமார் 0.4 மில்லிமீட்டர், அப்போது இது 4 அவுன்ஸ் தோல். அப்புறம் முதுகெலும்பு ஓடிய கோட்டின் மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். அங்கே நார் கெட்டியாக, மடித்தால் மெல்லிய சுருக்கம் மட்டும் விழும். வயிற்றுப்பக்கம் மடித்தால் தளர்ந்து பெரிய சுருக்கமாக எழும்பும். அந்தத் தளர்ச்சிதான் பிறகு நீளப்போவது. உண்ணி கடித்த தழும்பு, சூடு போட்ட வடு, சதைப்பக்கத்தில் கத்தி இறங்கிய வெட்டு எல்லாவற்றையும் சாக்குக்கட்டியால் வட்டமிட்டேன். பைக்கு இவை அழகாகக்கூட இருக்கலாம். 8 மில்லிமீட்டர் வாரில் ஒரு கத்தி வெட்டு இருந்தால் அந்த இடத்தில்தான் அறும்.

பின்னலுக்கு உலகத்திலேயே சிறந்தது கங்காருத் தோல் என்பார்கள். மெல்லிதாகச் சீவினாலும் பலம் குறையாது, நார்கள் மேல்பரப்புக்கு இணையாக ஓடுவதால் அப்படி. ஆஸ்திரேலியச் சாட்டைகள் அதில்தான் பின்னப்படுகின்றன. நாய்வாருக்கு அதெல்லாம் தேவையே இல்லை. நல்ல ஆட்டுத்தோல் சின்னப் பின்னலுக்கும், மாட்டு முதுகு பெரிய பின்னலுக்கும் தாராளமாகப் போதும். முதல் தோல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: பெரியமேட்டில் வெட்டுத்துண்டுகளைக் கிலோ கணக்கில் கொடுப்பார்கள். ஒரு கிலோ வாங்கி வந்து ஒரு மாதம் அறுத்தும் தைத்தும் பழகிவிட்டு முழுத்தோலுக்குப் போகலாம். துண்டு வட்டமாகக் கிடைத்தால் நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி அறுத்து நீள வார் எடுக்கலாம். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் 5 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று மீட்டருக்கு மேல் வரும், நம்பவே முடியாது. ஆனால் சுற்றி அறுத்த வார் ஒரு இடத்தில் நீளும், ஒரு இடத்தில் நீளாது, ஏனென்றால் திசை மாறிக்கொண்டே போகிறது. சாவிக்கொத்துக்குச் சரி. பொன்னியின் பாய்ச்சலுக்குச் சரிவராது.

கருவிகளில் நான் வீணாகச் செலவு செய்தது நிறைய. 24 துண்டு இருக்கும் செட் ஒன்று வாங்கினேன், அதில் இன்று கையில் எடுப்பது இரண்டு. பெரியவர் சொன்னபடி இருந்திருந்தால் ஒரு நல்ல கத்தி, ஒரு குத்தூசி, ஒரு இரும்பு ஸ்கேல், சாணைக்கல் இவற்றோடு தொடங்கியிருக்கலாம். கத்திக்கு 18 மில்லிமீட்டர் கட்டர் போதும், பிளேடை அடிக்கடி ஒடிக்க வேண்டும். மொண்ணைக் கத்தி தோலை அறுக்காது, இழுக்கும். இழுத்து அறுத்த வாரின் ஓரம் அலையாக வரும். ஓரம் சீவும் பெவலர், 4 மில்லிமீட்டர் இடைவெளியில் நாலு பல் உள்ள தையல் உளி, மரச் சுத்தியல் மூன்றும் பிறகு வாங்கினேன், மூன்றும் வேலை செய்கின்றன. மலிவான தையல் உளியின் பல் கரடுமுரடாக இருக்கும். நுண்ணிய உப்புத்தாளில் அரை மணி நேரம் தேய்த்தால் தோலில் சிக்காமல் வெளியே வரும். தேன்மெழுகுக்குப் பூங்கா நகர் ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகள்தான் எனக்கு வசதி. அழகான டப்பாவில் அடைத்து விற்பதும் இதே மெழுகுதான்.

வார் அறுக்க நானே ஒரு கட்டை செய்துகொண்டேன். கையளவு தேக்குத் துண்டில் ரம்பத்தால் ஒரு காடி, காடிக்குக் குறுக்கே பிளேடைத் திருகி நிறுத்தினால், காடியின் சுவருக்கும் பிளேடுக்கும் இடையில் உள்ள தூரம்தான் வாரின் அகலம். முதல் ஓரத்தை மட்டும் நீள ஸ்கேல் வைத்து நேராக அறுத்துவிட வேண்டும். அந்த ஓரம் கோணினால் பின்னால் வரும் ஒவ்வொரு வாரும் கோணும். எனக்கு ஸ்கேல் ஒரு மீட்டர்தான் இருந்தது, 150 சென்டிமீட்டருக்கு அலுமினிய ஜன்னல் சட்டம் ஒன்றைக் கிளாம்ப் போட்டு வைத்துக்கொண்டேன்.

எவ்வளவு நீளம் அறுப்பது? பின்னலில் ஒவ்வொரு புரியும் நேராகப் போவதில்லை, சாய்ந்து சுற்றிப் போகிறது. சாய்வு 45 பாகை என்றால் பின்னலின் நீளத்தைப் போல 1.41 மடங்கு வார் வேண்டும். கட்டுவதற்கும் முடிப்பதற்கும் 20 சென்டிமீட்டர். 90 சென்டிமீட்டர் பின்னலுக்கு 127, அதோடு 20, ஆக 147. எனக்கு முதுகில் கிடைத்தது 150. இப்படிச் சரியாக வந்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல.

ஆறு வார் அறுத்தேன், நாலு வேலைக்கு, இரண்டு கைவசம் இருக்கட்டும் என்று. ஒப்பிட்டுப் பார்க்க வயிற்றிலிருந்தும் ஒன்று. எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, பால்கனிக் கம்பியில் கட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் ஐந்து கிலோ அரிசிப் பை தொங்கவிட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் முதுகு வார்கள் 150-லிருந்து 154, 155 ஆகியிருந்தன. வயிற்று வார் 169. முதல் வாரின் கதை முழுக்க அந்த ஒரு எண்ணில் இருந்தது. நீளப்போவது பின்னுவதற்கு முன்னாலேயே நீண்டுவிட்டால், பிறகு பின்னல் தளராது. 8 மில்லிமீட்டராக அறுத்த அகலம் ஏழரையாக ஒடுங்கியது. ஒரே மாதிரி ஒடுங்கியதால் கவலையில்லை.

அடுத்தது எண்ணெய்ப்பதம். ஈ.ஐ. தோல் எண்ணெய் குறைவாக உலர்ந்து வரும். அப்படியே பின்னினால் மடிப்பில் விரிசல் விடும். புதுச் செருப்புக்கு விளக்கெண்ணெய் போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டே, அதே விளக்கெண்ணெயை லேசாகச் சூடாக்கிச் சதைப்பக்கம் மட்டும் தேய்த்தேன். அதிகம் போனால் தோல் சொதசொதவென்று ஆகிவிடும், ஒரு தடவை, கொஞ்சமாக. பின்னும்போது வழுக்குவதற்குத் துணி சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, கொஞ்சம் கொழுப்புச் சேர்த்துக் குழம்பாக்கிப் பூசிக்கொண்டேன். சாட்டை பின்னுகிறவர்கள் எந்த நாட்டிலும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள். சோப்பு இல்லாமல் பின்னினால் புரி புரியோடு பிடித்துக்கொண்டு நிற்கும், இறுக்க முடியாது.

நடுவில் ஓடும் கருவுக்கு 4 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிறு. நைலான் நீளும், அதனால் வேண்டாம் என்று முடிவு செய்தேன். இந்தக் கயிற்றை ஒரு முனையில் கொக்கி வளையத்திலும் மறுமுனையில் கைப்பிடி வளையத்திலும் தனியாகக் கட்டிவிட்டேன். நாளைக்குத் தோல் அறுந்தாலும் நாய் என் கையில்தான் இருக்கும். உயிருள்ள ஒன்றைக் கட்டுகிற வாரில் இந்த ஒரு காரியத்தை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது என்பேன்.

பின்னல், நாலுகால் பின்னல். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. இடது ஓரத்துப் புரியை எடுத்துப் பின்பக்கமாகக் கொண்டுபோய், வலப்பக்கத்து இரண்டுக்கும் நடுவே முன்னால் எடுத்து, ஒன்றின் மேல் படுத்துத் தன் பக்கமே திரும்ப வேண்டும். பிறகு வலது ஓரம், அதே மாதிரி. அவ்வளவுதான். இது கைக்கு வர ஒரு மணி நேரம் போதும், என் பத்து வயது மகள் சடை பின்னிய பழக்கத்தில் கால் மணி நேரத்தில் பிடித்துவிட்டாள்.

கஷ்டம் இழுப்பில் இருக்கிறது. ஒவ்வொரு புரியையும் ஒரே அளவு பலத்தில் இழுக்க வேண்டும், அதுவும் கீழ்நோக்கி இல்லை, சாய்வு போகும் திசையிலேயே. கை களைத்ததும் இழுப்புக் குறையும், குறைந்த இடம் பின்னலில் தடிப்பாகத் தெரியும். என் வாரில் 40-ஆவது சென்டிமீட்டர் பக்கத்தில் அப்படி ஒரு தடிப்பு இருக்கிறது. டீ குடிக்க எழுந்துபோய் வந்து உட்கார்ந்த இடம் அது. விரலை ஓட்டினால் இன்றும் தெரியும். ஒரே மூச்சில் முடிக்க முடியாவிட்டால், கடைசி இரண்டு பின்னலை அவிழ்த்துவிட்டு மறுபடி இறுக்கித் தொடங்குவது நல்லது. இடையிடையே புரி திரும்பிக்கொண்டு சதைப்பக்கம் வெளியே வந்துவிடும். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரங்களை முன்பே லேசாகப் பெவல் செய்திருந்ததால் புரிகள் ஒன்றின் அருகில் ஒன்று இடைவெளியில்லாமல் படிந்தன. முடித்ததும் தரையில் போட்டு, மேலே ஒரு பலகை வைத்து, உடம்புப் பாரம் முழுக்கக் கொடுத்து முன்னும் பின்னும் உருட்டினேன். கோணலும் மேடும் உள்ளே போய், கைக்கு வந்தது உருண்டையான, கனமான ஒரு வார்.

இனி அந்தக் கொக்கி. இரண்டாவது வாரில் போட்டது பித்தளை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், பொன் மாதிரி மின்னியது. வேளச்சேரி ரோட்டில் பொன்னி ஒரு பக்கம் பாய்ந்தபோது கழுத்தருகே பட்டென்று ஒடிந்து, நாய் பஸ்ஸுக்கு முன்னால் ஓடியது. ஓட்டுநர் பிரேக் போட்டார். அவர் முகம் எனக்கு மறக்காது. ஒடிந்த இடம் உள்ளே சாம்பல் நிறம், பொடிப்பொடியாக. துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே மஞ்சள் முலாம் பூசியது. காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது. காந்தம் ஒட்டினால் இரும்பு என்று தெரியும், ஒட்டாவிட்டால் பித்தளையாகவும் இருக்கலாம், துத்தநாகமாகவும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத உட்பக்கத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டால் பித்தளை உள்ளேயும் மஞ்சள், மற்றது வெளுத்த சாம்பல். கையில் வைத்தாலும் பித்தளை கனக்கும். பிராட்வே பக்கத்து இரும்புச் சாமான் கடைகளில் கனமான பித்தளைச் சுழல் கொக்கி தேடி எடுத்தேன். சின்ன அரம் ஒன்று பையிலேயே இருந்தது, கடைக்காரரைக் கேட்டுவிட்டு அங்கேயே கீறிப் பார்த்தேன்.

கைப்பிடிக்கு அதே தோலில் 25 மில்லிமீட்டர் பட்டை இரண்டு, சதைப்பக்கம் சதைப்பக்கமாக ஒட்டி, இரு ஓரமும் தைத்தேன். ஒரு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டும் எதிரெதிராகப் போய்வரும் சேணத் தையல். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை அவிழாது. மெழுகு போட்ட 0.8 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் நூல், 50 சென்டிமீட்டர் தையலுக்கு இரண்டேகால் மீட்டர் எடுத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு சாண் மிஞ்சியது. ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, தண்ணீர் தொட்டு, பழைய பூரிக்கட்டையின் கைப்பிடியால் அழுத்தித் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் சூடேறி, கொட்டைப்பாக்கு நிறத்தில் பளபளத்தது. மேலே தேன்மெழுகு.

கைப்பிடியை மட்டும் கறுப்பாக்கினேன். வினிகரில் இரும்புக் கம்பளியை (ஸ்டீல் வுல்) ஒரு வாரம் ஊறப்போட்டு வடிகட்டிய தண்ணீரைப் பஞ்சில் தொட்டுத் தடவியதும், சாயமே போடாத அந்தப் பழுப்புத் தோல் கண்ணெதிரே சாம்பலாகி, கருநீலமாகி, கறுத்தது. மேலே பூசிய சாயம் இல்லை, தோலுக்குள் இருந்த கடுக்காயும் பட்டையும் இரும்போடு சேர்ந்து உண்டான கறுப்பு. பிறகு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் துடைத்துப் புளிப்பை எடுத்து, காய்ந்ததும் விளக்கெண்ணெய் ஒரு கை. அந்தப் புளிப்பை எடுக்காமல் விட்டால் நாளாக ஆகத் தோல் நொறுங்கும்.

சோதனைக்கு 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கொக்கியில் மாட்டி ஒரு இரவு தொங்கவிட்டேன். 90 சென்டிமீட்டர், காலையில் 91. பதினோரு மாதம் கழித்து நேற்று அளந்தேன், 91.5.

மழைக்காலம் ஒன்றையும் பார்த்துவிட்டது. டிசம்பரில் ஒரு வாரம் வெளியே எடுக்காமல் பிளாஸ்டிக் பையில் வைத்ததில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. துடைத்து, நிழலில் காயவைத்து, மறுபடி எண்ணெய் காட்டினேன். அன்றிலிருந்து காற்றுப் படும்படி ஆணியில்தான் தொங்குகிறது. நனைந்து வந்தால் வெயிலில் போடுவதில்லை, மின்விசிறிக்குக் கீழே ஒரு ராத்திரி.

பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கி, கொக்கியைக் காலில் மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தார். அப்புறம் விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்து அந்த 40-ஆவது சென்டிமீட்டரில் நிறுத்தினார்.

"இங்க எந்திரிச்சுப் போயிட்டியா?"

"ஆமாங்கய்யா, டீ குடிக்க."

தலையாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இந்த வாருக்குப் புரிகளும் கைப்பிடியும் சேர்த்துச் செலவானது முக்கால் சதுர அடிதான். மீதித் தோல் பரணில் சுருட்டி வைத்திருக்கிறேன், சதைப்பக்கத்தில் 18-ம் அதன் தலைமேல் 3-ம் இன்னும் அழியவில்லை. அதில் அவருடைய கருவிப்பெட்டிக்கு ஒரு தோள்பட்டை வார் அறுத்திருக்கிறேன். இந்த முறை எட்டுப் புரி, ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர். அரிசிப் பைகள் பால்கனியில் தொங்குகின்றன.